இன்னும் மூன்று மெழுகுவர்த்தி மிச்சம்

நவம்பர் கடைசி வாரத்திலேயே புதுச்சேரி மிஷன் வீதியில் ஸ்டார் தொங்க ஆரம்பித்துவிடும். துணிக்கடை வாசலில் பஞ்சு ஒட்டிய பிளாஸ்டிக் மரம், பேக்கரி கண்ணாடிக்குப் பின்னால் பிளம் கேக் அடுக்கு, சம்பா கோயிலில் நவநாள், டிசம்பர் 8ஆம் தேதி அமலோற்பவ மாதா திருவிழா என்று ஊரே களைகட்டிவிடும். அரையாண்டுத் தேர்வு வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் இரண்டாவது வாரமே கிறிஸ்மஸ் விழா வைத்துவிடுகிறார்கள், சிவப்புச் சட்டை, தலையில் பஞ்சுக்குல்லா, மேடையில் ஒரு நடனம். அப்புறம் அடுக்ககத்தில் ஒரு கேக் வெட்டு, இவர் அலுவலகத்தில் குடும்பத்தோடு ஒன்று. இத்தனையும் முடிந்து 25ஆம் தேதி வந்து நிற்கும்போது வீட்டுக்குள் செய்வதற்கு என்ன மிச்சம் இருக்கிறது என்ற கேள்வி எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது.

உறுத்தலுக்குக் காரணம் என் பெரியவள். 2023 கிறிஸ்மஸ் அன்று காலை, முந்தின இரவு பூசைக்குப் போய்வந்த தூக்கம் கலையாமல், புது கவுனோடு சமையலறை வாசலில் வந்து நின்று கேட்டாள்: "அம்மா, கிறிஸ்மஸ் முடிஞ்சிடுச்சா?" இன்னிக்குத்தாம்மா கிறிஸ்மஸ் என்றேன். நம்பவே இல்லை. "ஸ்கூல்ல தாத்தா வந்து சாக்லேட் குடுத்தாரே, அன்னிக்குத்தானே கிறிஸ்மஸ்?" என்றாள். வீட்டில் டிசம்பர் 1 முதலே ஸ்டார் எரிந்தது, மரம் நின்றது, சீரியல் பல்பு மூன்று நிறத்தில் மினுக்கிக்கொண்டிருந்தது. பிரியாணிக்கு அரிசி ஊறிக்கொண்டிருந்தது. எதிலும் குறையில்லை. ஆனால் அந்த நாலரை வயசுக் குழந்தைக்கு அது இன்னொரு நாள், அவ்வளவுதான்.

இதை யாரிடம் சொன்னாலும் ஒரே மாதிரி யோசனைதான் கிடைத்தது. இன்னும் பெரிய மரம் வாங்கு, பலூன் கட்டு, அப்பாவுக்குத் தாத்தா வேஷம் போட்டுவிடு, பரிசை ஒளித்து வைத்துத் தேடச் சொல். எல்லாம் நல்ல மனதோடு சொன்ன யோசனைதான். ஆனால் ஒவ்வொன்றும் இருப்பதற்கு மேல் இன்னொன்றைச் சேர்ப்பது. குறைவாக இருப்பதால் குழந்தைக்குப் பண்டிகை பிடிபடவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

புயல் வந்த ஞாயிற்றுக்கிழமை

அடுத்த வருடம் நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல். கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்குப் புயல் புதிதில்லை, 2011 டிசம்பர் 30ஆம் தேதி 'தானே' புயல் அடித்த அடியில் சாய்ந்த பலா, முந்திரி மரங்களைப் பற்றிப் பண்ருட்டிப் பக்கம் இன்றைக்கும் பேசுவார்கள். ஆனால் ஃபெஞ்சல் வேறு விதம். சனிக்கிழமை இரவு கரையைக் கடந்தது, கடந்த பிறகும் நகராமல் எங்கள் தலைக்கு மேலேயே பல மணி நேரம் நின்று கொட்டித் தீர்த்தது. தாழ்வான நகர்களில் ராணுவம் இறங்கி ஆட்களை மீட்கும் அளவுக்குத் தண்ணீர். எங்களுக்கு மூன்றாவது மாடி என்பதால் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, தெரு முழுக்க முழங்காலளவு நின்றது. கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. சின்னவன் இருட்டைப் பார்த்து அழுதுகொண்டே இருந்தான்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து அத்தை, என் மாமியார், ஒரு வாரம் முன்னாடியே வந்திருந்தார். பிள்ளைகளுக்கு ஆயா. ஞாயிறு சாயங்காலம் பூசைக்கும் போக முடியாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் திடீரென்று, "இன்னிக்கு திருவருகைக் காலம் முதல் ஞாயிறு இல்ல?" என்றார். ஆமாம், டிசம்பர் 1, கிறிஸ்மஸுக்கு முந்தின நான்கு வாரக் காத்திருப்பு அன்றைக்குத்தான் தொடங்குகிறது. புயலில் எனக்கு அது சுத்தமாக நினைவில் இல்லை. அத்தை எழுந்து பித்தளைத் தாம்பாளத்தை எடுத்தார், பச்சரிசியைப் பரப்பினார், மளிகைக்கடை வெள்ளை மெழுகுவர்த்தி நான்கை வட்டமாக நட்டார். முறைப்படி மூன்று ஊதா, ஒன்று ரோஸ் இருக்க வேண்டும், பச்சை இலை வளையம் வேண்டும். அதெல்லாம் அன்றைக்கு எங்கே போய்த் தேடுவது. நட்டுவிட்டு ஒன்றை மட்டும் ஏற்றினார்.

பெரியவள் விடவில்லை. "இன்னும் மூணு இருக்கே ஆயா, அதையும் ஏத்துங்க."

"அது அடுத்தடுத்த வாரத்துக்குக் கண்ணு."

"ரொம்ப இருட்டா இருக்கு ஆயா."

"இருக்கட்டும். நாலும் எரியிறப்ப இயேசு பாலன் பொறக்கப் போறார்னு அர்த்தம். இப்ப ஒண்ணுதான்."

எனக்கே ஒரு நிமிஷம் கோபம் வந்தது. வீடு முழுக்க இருட்டு, சின்னவன் அழுது அழுது ஓய்ந்திருக்கிறான், கண்ணெதிரில் மூன்று மெழுகுவர்த்தி சும்மா நிற்கிறது, ஏற்றினால் என்ன குறைந்துவிடும். அத்தை என் முகத்தைப் பார்த்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் இருவரையும் இரண்டு பக்கமும் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு, மரியாளும் சூசையப்பரும் பெத்லகேமுக்கு நடந்த கதையைச் சொன்னார். கழுதைக்குக் கால் வலித்ததை எல்லாம் அவரே சேர்த்துக்கொண்டார். கதை முடிந்தும் பெரியவள் அசையவில்லை. எரிகிற ஒன்றைப் பார்ப்பாள், எரியாத மூன்றைப் பார்ப்பாள். டிவி, போன் எதுவும் இல்லாததால்தான் என்று நீங்கள் சொல்லலாம், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கரண்ட் திரும்பி வந்த பிறகு, சாயங்காலம் ஆனதும் தானாகவே போய் டியூப் லைட்டை அணைத்துவிட்டு, "ஆயா, ஏத்தலாமா? இன்னிக்கு ஞாயித்துக்கிழமையா?" என்று கேட்டாள். அது அந்த மாதம் முழுக்க அன்றாடக் கேள்வி ஆனது. போன வருடம் "முடிஞ்சிடுச்சா" என்று கேட்ட அதே குழந்தை.

இந்த மெழுகுவர்த்தி வழக்கம் எங்கிருந்து வந்தது என்று அப்புறம் படித்துப் பார்த்தேன். 1839, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம். யோஹான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற லூத்தரன் போதகர் ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் நடத்தினார். டிசம்பர் வந்தால் பிள்ளைகள் தினமும் கிறிஸ்மஸ் வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று அவரை நச்சரிப்பார்களாம். அவர் ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்து, வார நாள்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளும் ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும் வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றச் சொன்னார். இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. இது கோயிலுக்காக உருவான சடங்கு இல்லை. எப்போது வரும், எப்போது வரும் என்று கேட்ட பிள்ளைகளுக்காகவே உருவானது. நாள்காட்டி படிக்கத் தெரியாத வயசில் "இன்னும் மூன்று வாரம்" என்றால் ஒன்றும் புரியாது. எரியாத மூன்று மெழுகுவர்த்தி புரியும்.

எதை எப்போது உள்ளே விடுவது

அதிலிருந்து எங்கள் வீட்டில் டிசம்பர் 1ஆம் தேதி எதையும் மாட்டுவதில்லை. ஸ்டார், மரம், குடில், பலகாரம், புதுத்துணி எல்லாம் உண்டு, எதையும் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றும் தன் நாளில்தான் வரும். கோயிலைக் கவனித்தால் அங்கேயும் இதைத்தான் செய்கிறார்கள் என்பது தெரியும். திருவருகைக் கால ஞாயிறுகளில் சாமியார் ஊதா உடுப்பில் வருகிறார், வானவர் கீதம் பாடுவதில்லை. அந்தப் பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு, கிறிஸ்மஸ் இரவுப் பூசையில் மணிகளை அடித்துக்கொண்டு பாடுகிறார்கள். சின்ன வயசில் அந்த மணிச்சத்தத்தில் எனக்கு ஏன் அழுகை வந்தது என்று இப்போதுதான் விளங்குகிறது. நான்கு வாரம் அது இல்லாமல் இருந்ததால் வந்தது.

முதலில் குடில். அத்தையிடம் இருப்பது கடலூர் வண்டிப்பாளையத்தில் வாங்கிய பழைய செட். கொலு பொம்மைக்குப் பேர் போன இடம், எங்கள் சூசையப்பருக்குக் கொலுச் செட்டியாரின் மீசைதான், இடையர்களில் ஒருவர் நம்மூர் ஆட்டுக்காரர் மாதிரியே தலைப்பாகை கட்டியிருக்கிறார். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். பிளாஸ்டிக் செட்டுகளில் எல்லா முகமும் ஒரே அச்சு. இரண்டாவது ஞாயிறு வெறும் கொட்டகையும் வைக்கோலும் மட்டும். அப்புறம் மாடு, கழுதை. மூன்றாவது ஞாயிறு இடையர்கள். மரியாளும் சூசையப்பரும் அதுவரை வீட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பார்கள், ஒரு நாள் ஷூ ஸ்டாண்ட் மேல், ஒரு நாள் தையல் மெஷின் மேல், ஒரு நாள் அரிசி டிரம் மேல். எங்கே வைப்பது என்பதைப் பிள்ளைகள்தான் முடிவு செய்வார்கள், அதற்காகச் சண்டையும் நடக்கும். தீவனத் தொட்டி 24ஆம் தேதி இரவு வரை காலி. பாலன் சொரூபம் ஆயாவின் பட்டுப்புடவை மடிப்புக்குள் பீரோவில் இருக்கிறார், அது பிள்ளைகளுக்கும் தெரியும், ஆனாலும் யாரும் எடுப்பதில்லை.

காலித் தொட்டியைப் பார்த்து, குடிலில் குழந்தையே இல்லையே என்று கேட்கும் விருந்தாளிகளுக்கு நான் சொல்வது இதுதான். அசிசி பிரான்சிஸ் 1223ல் கிரெச்சோ என்ற ஊரில் முதன்முதலாகக் குடில் வைத்தபோது வைக்கோல் போட்ட தொட்டியும் உயிருள்ள மாடும் கழுதையும்தான் இருந்தன. அவர் வரலாற்றை எழுதிய செலானோ தோமா, குழந்தைப் பொம்மை எதுவும் வைத்ததாகச் சொல்லவில்லை. அங்கே நின்ற ஒருவருக்கு மட்டும் அந்தத் தொட்டியில் குழந்தை படுத்திருப்பதாகத் தெரிந்தது என்று எழுதியிருக்கிறார். தொட்டி காலியாக இருந்ததால்தான் அவருக்குத் தெரிந்தது என்று நான் நினைக்கிறேன்.

குடிலுக்குப் புல்வெளி வேண்டும். பச்சைத் தாளை விரிப்பதைவிட விதைப்பது நல்லது. தேங்காய்ச் சிரட்டையில் மண் போட்டு, ஊறவைத்த கேழ்வரகைத் தூவி, மார்கழி பிறக்கிற சமயத்தில் ஜன்னல் ஓரம் வைத்தால் 24ஆம் தேதிக்கு விரல் உயரம் வந்துவிடும். பிரான்சின் தெற்கே ப்ரோவான்ஸ் பகுதியில் டிசம்பர் 4, புனித பார்பரா நாளில், கோதுமையை இப்படி முளைக்க வைப்பார்கள், கிறிஸ்மஸ் மேஜையில் வைப்பதற்கு. மூன்று வயசுக் குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. தினமும் தண்ணீர் தெளிக்கும், தினமும் அளக்கும், அவசரப்படுத்தினாலும் வளராது.

ஸ்டார் மூன்றாவது ஞாயிறுக்குப் பிறகு. மூங்கில் குச்சி வைத்து வீட்டிலேயே ஒட்டிய தாள் ஸ்டார்தான், வடகிழக்குப் பருவமழை இன்னும் முடியாத மாதம் என்பதால் சன்ஷேடுக்கு அடியில், உள்ளே சூடேறாத சின்ன எல்இடி பல்பு. அந்த நாளில்தான் மார்கழியும் தொடங்கியிருக்கும். எதிர்வீட்டு அக்கா விடியற்காலையில் கோலம் போட்டு நடுவில் பூசணிப்பூ வைப்பார், கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கும். போன வருடம் அந்த அக்கா பெரியவளைக் கூப்பிட்டு, "உங்க ஸ்டார நானும் போடட்டுமா பாப்பா?" என்று கேட்டு வாசலில் ஒரு நட்சத்திரக் கோலம் போட்டார். ஒரு தெருவில் இரண்டு பேர் இரண்டு பண்டிகைக்காக ஒரே மாதத்தில் காத்திருக்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தராமலே தெரிந்தது.

சமையலறை

பலகாரம் கடைசி வாரம். புதுச்சேரி வீடுகளில் விவிகம் கேக் ஒரு பெரிய விஷயம், மைதாவுக்குப் பதில் ரவை, நிறைய முட்டை, வெண்ணெய், ரம்மில் ஊறிய திராட்சையும் பழத்துண்டுகளும். நான் பிள்ளைகளுக்காக ஒரு பங்கு திராட்சையை ஆரஞ்சுச் சாற்றில் தனியாக ஊறவைக்கிறேன். கிளறுவதற்கு முன் ஆளுக்கு ஒரு சுற்று கரண்டியைப் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். அச்சு முறுக்கு சுடும்போது பிள்ளைகள் அடுப்புக்குத் தள்ளித்தான் நிற்க வேண்டும், ஆனால் பார்க்கலாம், பார்ப்பதே திருவிழா. அச்சு எண்ணெயில் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மாவில் முக்கால் பங்குதான் முக்க வேண்டும், மேல் விளிம்பு மூழ்கிவிட்டால் முறுக்கு கழன்று வராது. முதல் நாலைந்து எப்படியும் ஒட்டிக்கொள்ளும், அந்த உடைசல் பிள்ளைகளுக்கு. கலகலா மாவைச் சீப்பு மேல் உருட்டிக் கோடு விழவைப்பது முழுக்க அவர்கள் பொறுப்பு. ஒன்று கட்டைவிரல் அளவு இருக்கும், ஒன்று கொழுக்கட்டை அளவு இருக்கும். பக்கத்து வீடுகளுக்குத் தட்டில் அதையேதான் கொடுக்கிறேன்.

பரிசு பற்றி ஒன்றே ஒன்று. சேட்டை பண்ணினால் தாத்தா எதுவும் தரமாட்டார் என்று எங்கள் வீட்டில் சொல்லக் கூடாது. பிறக்கப்போகிற குழந்தைக்காகக் காத்திருக்கிற மாதத்தில் பிள்ளைகளைப் பயமுறுத்தி வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கேரல் பாட அன்பியம் என்கிற எங்கள் தெரு ஜெபக்குழுவிலிருந்து ராத்திரி பதினொரு மணிக்கு டிரம் அடித்துக்கொண்டு வருகிற தாத்தா, சேட்டைக்காரப் பிள்ளைக்கும் தூங்கிவழிகிற பிள்ளைக்கும் ஒரே மிட்டாய்தான் தருகிறார். அது போதும்.

26ஆம் தேதி

கடலூர்க் குடும்பத்தில் கிறிஸ்மஸுக்கு அடுத்த நாளைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை, சுனாமி. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு என்று எங்கள் கடற்கரை ஊர்கள் இழந்த உயிர்கள். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் அங்கே மக்கள் ஊர்வலமாகக் கடலுக்குப் போய்ப் பூத்தூவிப் பால் ஊற்றுகிறார்கள். அத்தை 26ஆம் தேதி காலையில் பண்டிகைப் புடவையை மடித்து வைத்துவிட்டு, அதே தாம்பாளத்தில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றுவார். முன்பெல்லாம் பிள்ளைகளை அந்த அறைக்குள் விடாமல் வேடிக்கை காட்டுவோம். ஃபெஞ்சல் வந்த அந்த வருடம் பெரியவள் தானாகவே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இது யாருக்கு ஆயா என்று கேட்டாள். கடல்ல போனவங்களுக்கு என்றார் அத்தை. மேற்கொண்டு கேட்கவில்லை, எழுந்தும் போகவில்லை. மெழுகுவர்த்தி முன்னால் உட்காருவது அவளுக்கு அதற்குள் பழகியிருந்தது.

ஒரு நாள் துக்கம், அதற்கப்புறம் மறுபடி பண்டிகை. ஏனென்றால் பாலனைப் பார்க்க வருகிற மூன்று ராஜாக்கள் இன்னும் வந்து சேரவில்லை. அவர்கள் கிறிஸ்மஸ் அன்று பால்கனிப் பக்கம் கிளம்புவார்கள், ஒட்டகத்தோடு, தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஃப்ரிட்ஜ் மேல், புத்தக அலமாரி மேல், சோபா கைப்பிடி மேல் என்று நகர்ந்து, ஜனவரி தொடக்கத்தில் வருகிற அவர்கள் திருநாளான திருக்காட்சிப் பெருவிழா அன்றுதான் குடிலுக்குள் நுழைவார்கள். பள்ளி திறந்த பிறகும் வீட்டுக்கு வந்தவுடன் பிள்ளைகள் முதலில் தேடுவது ஒட்டகத்தைத்தான்.

வேலைக்குப் போகிற தோழிகள், இதற்கெல்லாம் எங்கே நேரம் என்று கேட்கிறார்கள். நானும் வேலைக்குப் போகிறவள்தான். மொத்தமாக ஒரே வார இறுதியில் வீட்டை அலங்கரிப்பதுதான் முதுகை ஒடிக்கும், இது தினம் பத்து நிமிஷம், அதிலும் பாதி வேலையைப் பிள்ளைகள் செய்கிறார்கள். அதற்கும் நேரமில்லை என்றால் குடில் வேண்டாம், கேழ்வரகு வேண்டாம், கலகலாவைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு மெழுகுவர்த்தி மட்டும் வையுங்கள். லைட்டை அணைத்துவிட்டு ஏற்றுங்கள், பிள்ளைகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள், கெஞ்சினாலும் அந்த வாரக் கணக்குக்கு மேல் ஒன்றுகூட ஏற்றாதீர்கள். குடில் வைக்க ஆசைப்படுகிறவர்கள் கொலு முடிந்த கையோடு வண்டிப்பாளையம் போய்விடுங்கள், டிசம்பரில் போனால் ராஜாக்கள் கிடைப்பார்கள், ஒட்டகம் கிடைக்காது.